கல்லூரி வளாகத்தின் கணினி வலையமைப்பைப் புதிதாக அமைத்துத் தருமாறு கோரும் மனு

அனுப்புநர்:
விரிவுரையாளர்கள், மாணவர்கள், பெற்றோர்கள் இணைந்த குழு,
அரச உயர்கல்வி நிறுவனம், கொழும்பு.

பெறுநர்:
செயலாளர்,
கல்வி, உயர்கல்வி மற்றும் தொழிற்கல்வி அமைச்சு,
இசுருபாய, பத்தரமுல்லை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கொழும்பு மாநகரில் இயங்கிவரும் எமது கல்லூரியில் கணினி, பொறியியல், கணக்கியல் பாடநெறிகளைப் பயிலும் மாணவர்களின் நலன் கருதி இம்மனுவைத் தங்களிடம் சமர்ப்பிக்கிறோம். நாம் கேட்பது மேலதிகக் கணினிகளை அல்ல. இன்னும் வேகமான இணையப் பொதியையும் அல்ல. கல்லூரி வாயில் வரை வந்து சேர்ந்துள்ள இணைப்பை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய உள்ளக வலையமைப்பு காலங்கடந்து போயுள்ளது. அதையே புதிதாக அமைத்துத் தருமாறு வேண்டுகிறோம்.

கடலடிக் கேபிள்கள் கரைசேரும் நகரம் கொழும்பு. எமது வாயிலிலும் ஒளியிழை (ஃபைபர்) இணைப்பு வந்து நிற்கிறது. ஆனால் அங்கிருந்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் செல்பவை பல ஆண்டுகளுக்கு முன்னர் இழுக்கப்பட்ட கேட் 5 வகைச் செப்புக் கம்பிகளே. அவற்றின் முனைகளில் இருந்து கணினிகளுக்கு இணைப்பைப் பிரித்துத் தரும் சுவிட்சுகள் எனும் கருவிகள் செக்கனுக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் அனுப்ப இயலாதவை. குளம் நிறைந்திருந்தும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் வயலுக்கு நீர் பாயாது. எமது நிலையும் அதுதான்.

இதன் விளைவை ஒரு கணக்கால் விளக்க விரும்புகிறோம். செயற்கை நுண்ணறிவுப் பாடத்தின் செய்முறைக்கு ஏற்ற, 700 கோடி அளபுருக்களை, அதாவது பயிற்சியில் கற்ற எண்மதிப்புகளைக் கொண்ட திறந்த மொழி மாதிரி ஒன்றின் கோப்பு 16 பிட் வடிவில் ஏறத்தாழ 14 கிகாபைட் அளவுடையது (ஒரு பைட் என்பது 8 பிட்). வேறெவரும் இணைப்பைப் பயன்படுத்தாத வேளையிலும் அதை 100 மெகாபிட் வேகத்தில் தரவிறக்க 19 நிமிடமளவில் செல்லும். ஆய்வுகூடத்தில் 30 மாணவர்கள் அந்த ஒரே இணைப்பைப் பங்கிட்டுக்கொண்டால் 9 மணித்தியாலத்துக்கும் மேலாகும். அதாவது ஒரு முழு நாளின் பாடவேளையும் போதாது. கட்டடங்களுக்கிடையே 10 கிகாபிட் ஒளியிழையும், ஒவ்வொரு கணினிக்கும் 1 கிகாபிட் இணைப்பும், கோப்புகளைச் சேமித்துவைக்க வளாகத்துக்குள்ளேயே ஒரு சேவையகமும் இருந்தால் இதே வேலை ஏட்டுக் கணக்கின்படி 6 நிமிடத்துக்குள் முடியும். நடைமுறையில் அதன் இருமடங்கு நேரம் எடுத்தாலும் பாடம் நடக்கும்.

இன்று நடப்பது வேறு. விரிவுரையாளர் தமது வீட்டு இணைப்பில் இரவில் தரவிறக்கிய கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவருகிறார். அது வரிசை வரிசையாகக் கைமாறிக் கடைசி மாணவரிடம் போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிடுகிறது. பொறுக்க மாட்டாத மாணவர்கள் தங்கள் கைபேசியின் டேட்டாவைத் திறந்து மடிக்கணினியுடன் இணைத்துக்கொள்கிறார்கள். 1945 ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வியைப் பேணிவரும் நாட்டில், செய்முறைப் பாடத்துக்கு மாணவர் தம் கைப்பணத்தில் டேட்டா வாங்குவது எமக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தருகிறது. டேட்டாவுக்கு வழியில்லாத மாணவர் பக்கத்து இருக்கைக்காரரின் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

செப்புக் கம்பியால் வரும் இன்னொரு இடரையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமின்னல் கொழும்புக்குப் புதிதல்ல. கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே ஓடும் செப்புக் கம்பி வழியாக மின்னெழுச்சி புகுந்து சுவிட்சுகளைச் சேதப்படுத்துகிறது. மாடிப்படியின் கீழுள்ள அலுமாரியில் இருக்கும் எமது பிரதான சுவிட்சில், இவ்வாறு செயலிழந்த, கம்பி செருகும் துவாரங்கள்மீது சிவப்பு நாடா ஒட்டப்பட்டுள்ளது. வெப்பம் தணிய அலுமாரிக் கதவு திறந்தே விடப்பட்டு, முன்னால் ஒரு மேசை விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாததால், கட்டடங்களுக்கிடையே அதைப் பதித்தாலே இந்தச் சேதத்தின் பெரும்பகுதி நின்றுவிடும்.

ஆகவே, முதலில் கட்டடங்களை ஒற்றைமுறை ஒளியிழையால் இணைக்கவும், குளிரூட்டலும், மின்தடையின்போது மின்சாரம் தரும் யூபிஎஸ் வசதியும் கொண்ட தனியான உபகரண அறையொன்றை அமைக்கவும் வேண்டுகிறோம். கட்டடங்களுக்குள் கேட் 6ஏ கம்பியைப் பயன்படுத்துவதே பொருத்தமானது. கேட் 6 கம்பி 10 கிகாபிட் வேகத்தை ஏறத்தாழ 55 மீற்றர் தூரத்துக்கே தாங்கும். கேட் 6ஏ 100 மீற்றர் வரை தாங்கும். கம்பிக்கான செலவில் இன்று மிச்சம்பிடித்துவிட்டுச் சில ஆண்டுகளில் சுவரை மீண்டும் உடைப்பது சிக்கனமாகாது. வைஃபை 6 கருவிகள் இவற்றின் பின்னரே வரட்டும். பின்னாலுள்ள கம்பி மெதுவானதாக இருக்கையில் புதிய வைஃபை கருவியால் பயனில்லை.

பரீட்சைப் பிரிவின் பதிவுகளும் மாணவர் ஆய்வுகூடங்களும் இப்போது ஒரே வலையமைப்பில் உள்ளன. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ள நிலையில் இதைத் தொடரவிடுவது முறையன்று. புதிய அமைப்பில் இவை வெவ்வேறு வலையமைப்புகளாகப் பிரிக்கப்படல் வேண்டும். அத்துடன், அரச பல்கலைக்கழகங்களை இணைத்துச் சேவையாற்றிவரும் லேர்ன் எனும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பில் எமது கல்லூரியையும் சேர்க்க வழிசெய்தால், எடுரோம் சேவை மூலம் எமது மாணவர்கள் பிற நிறுவனங்களிலும் தமது சொந்தக் கணக்கைக் கொண்டே இணையத்தை அணுக முடியும்.

பராமரிப்பு பற்றி அழுத்திக் கூற வேண்டியுள்ளது. உபகரணங்களைப் பொருத்திய ஒப்பந்தக்காரர் சென்ற பின் அவற்றைக் கவனிக்க ஆளில்லாமற் போனதே இன்றைய நிலைக்கு முதற்காரணம் என்பது எமது கருத்து. எனவே, வலையமைப்புத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரை ஆளணியில் சேர்த்து, ஆண்டுதோறும் பராமரிப்புக்கெனத் தனி நிதி ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அவ்வாறின்றி எவ்வளவு செலவிட்டாலும் அந்த அலுமாரியும் மேசை விசிறியும் மீண்டும் வந்துவிடும்.

முழுத் தொகையையும் ஒரே ஆண்டில் ஒதுக்குவது கடினம் என்பதை உணர்கிறோம். முதலாண்டில் ஒளியிழையும் உபகரண அறையும், அடுத்து ஆய்வுகூடங்களும் நூலகமும், அதன்பின் விரிவுரை மண்டபங்களும் எனப் படிப்படியாகச் செய்யலாம். கம்பி பதிக்கும் வேலைகளைத் தவணை விடுமுறையில் முடித்துக்கொள்ளலாம். இதன் முதற்கட்டமாக, அமைச்சின் தொழில்நுட்ப அலுவலர்களை எமது வளாகத்துக்கு அனுப்பி நிலைமையை நேரில் ஆராய்ந்து செலவு மதிப்பீடு தயாரிக்கப் பணிக்குமாறும், அதை அடுத்த வரவு செலவுத் திட்ட முன்மொழிவுகளில் சேர்த்துக்கொள்ளுமாறும், எடுக்கப்படும் நடவடிக்கையைத் தமிழில் எழுத்து மூலம் எமக்கு அறியத் தருமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். ஆய்வுக்கு வரும் அலுவலர்களுக்கு உதவ எமது கணினித் துறை விரிவுரையாளர்கள் ஆயத்தமாக உள்ளனர்.

நன்றி.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
விரிவுரையாளர்கள், மாணவர்கள், பெற்றோர்கள் இணைந்த குழுவினர்,
கொழும்பு.