மாத்திரையும் சாப்பாட்டு நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மருந்துச் சீட்டில் ‘சாப்பாட்டுக்கு முன்’, ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று எழுதப்படுவதை வயிற்று எரிச்சலைத் தவிர்க்கும் யோசனையாக மட்டுமே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். விழுங்கிய மருந்தில் எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்பதையே அந்தக் குறிப்பு பல நேரங்களில் தீர்மானிக்கிறது.

தைராய்டு சுரப்புக் குறைவுக்கான லெவோதைராக்சின் மாத்திரையைக் காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன்பு, வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும் உட்கொள்ள வேண்டும். காபியுடன் விழுங்கினாலும், 4 மணி நேர இடைவெளி விடாமல் கால்சியம் அல்லது இரும்புச்சத்து மாத்திரையைச் சேர்த்துக்கொண்டாலும், குடல் அதை முழுமையாக உறிஞ்சாது. இதைக் கவனிக்காமல், ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சுரப்பு போதாதபோது இது கூடும்) கூடியிருக்கிறது என்பதற்காக மருந்தின் அளவை மட்டும் உயர்த்திக்கொண்டே போவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. பாலுடன் சேரும் சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துக்கும் இதே கதிதான்; குடல் அதையும் முழுமையாக உறிஞ்சாது.

அமிலத்தின் பங்கு வேறு வகையானது. பூஞ்சைத் தொற்றுக்குத் தரப்படும் இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் கரைவதற்கு இரைப்பை அமிலம் தேவை. அதனால்தான் அதை முழு உணவுக்குப் பிறகு விழுங்கச் சொல்கிறார்கள். நெஞ்செரிச்சலுக்காகத் தாமாகவே ஒமிப்ரசோல் வாங்கிச் சாப்பிடுபவருக்கு அமிலம் குறைந்துபோவதால், அந்தக் கேப்ஸ்யூல் சரிவரக் கரையாமல், தொற்று ஆறாமலே நீடிக்கக்கூடும்.

எனவே, நேரக் குறிப்பின் காரணத்தை மருத்துவர்கள் ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும். நோயாளிகளும் தாமாக வாங்கும் மாத்திரைகள் உட்பட அனைத்தையும் அவர்களிடம் தெரிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்