உப்பளத்து அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

அப்பா வீடு வந்து சேர்ந்துவிட்டார். நேற்று யார் கையையும் பிடிக்காமல் திண்ணைவரை நடந்தார். நடந்தது என்னவென்று உங்களுக்கே தெரியும், திரும்ப எழுதத் தெம்பில்லை.

ரத்தம் கொடுத்தவர்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு மாற்றி மாற்றிப் படுத்துக்கிடந்த தோழர்கள், தேர்வுக் கட்டணத்தைச் சொல்லாமலே கட்டிவிட்ட சீனியர்கள், "ப்ராஜெக்ட் அப்புறம், முதல்ல அப்பாவைப் பாரு" என்ற என் வழிகாட்டி. உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுகலையின் கடைசிப் பருவத்துக்கு நான் எடுத்துக்கொண்டது, கோடியக்கரைப் பக்கத்து உப்பளங்களில் இரைதேடும் உள்ளான்கள் என்ற கரைப்பறவைகளை. வடதுருவத்தை ஒட்டிய சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருபவை அவற்றில் பல. சித்திரை வெயிலோடு கிளம்பிவிடும். கிளம்புவதற்கு முந்தைய வாரங்கள்தான் என் ஆய்வுக்கு உயிர். அந்த வாரங்களில் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

திரும்பிப் போனபோது, உப்பு வாரும் அக்கா ஒருவர் ரப்பர் பேண்ட் போட்ட காலண்டர் தாள்களை நீட்டினார். "தம்பி வரலையே, கணக்கு விட்டுப்போயிடுமேன்னு எழுதி வச்சேன்." தேதி கிழித்த தாளின் பின்பக்கம், பென்சிலில், எந்தப் பாத்தி, எத்தனை பறவை, தண்ணீர் எவ்வளவு என்று எல்லாம் இருந்தது. தண்ணீரைத் தன் காலால் அளந்திருக்கிறார்: 'பாதம் நனையலை', 'கரண்டைக்கால்', 'கெண்டைக்கால்'. கொசு உள்ளானுக்கு ஈரச்சேறு போதும். நெடுங்கால் உள்ளான் இன்னும் ஆழத்தில் நின்று மேயும். எந்தப் பறவை எங்கே இறங்கும் என்பதில் காலின் நீளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நான் அளவுக்கோலோடு தேடியதை அவர் அன்றாடம் அந்தத் தண்ணீரில் நின்றபடியே குறித்திருந்தார்.

ஒரு தாளில் இப்படி: 'மூக்கு வளைஞ்ச உள்ளான், நெஞ்சு செங்கல் கலர் ஆயிடுச்சு. போன மாசம் வெள்ளை.' வடக்கே போய் இணைசேர்வதற்கான சிறகுக் கோலம் அது. இதைக் குறிக்கச் சொல்லி நான் கேட்டதே இல்லை. படித்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.

என் கணக்கோடு கலக்காமல், இதைத் தனி அட்டவணையாகச் சேர்க்க வழிகாட்டி ஒப்புக்கொண்டார். இங்கே பெயர் போட வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். ஆய்வேட்டில் போடச் சம்மதித்திருக்கிறார், தரவு சேகரித்தவராக.

கோடியக்கரை 1967-இல் சரணாலயமானது, 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அங்கே பறவைகளின் காலில் அடையாள வளையம் மாட்டி ஆராய்ந்த கதையைப் படித்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியமே பிடித்தது. எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை வளையம் சொல்லும். எந்தப் பாத்தியில் எத்தனை நாள் தங்கியது, தண்ணீர் ஏறியதும் எங்கே போனது என்பதை அங்கே தினம் நிற்கிறவர்தான் சொல்ல முடியும். முனைவர் பட்டம் படிக்க இடம் கிடைத்தால் இதே உப்பளம்தான், இவர்களோடு சேர்ந்துதான். அவர்கள் நேரத்துக்கான கூலியைத் திட்டச் செலவில் முதல் வரியாக எழுதுவேன். இது உறுதி.

அக்கா, தாள்களை ஸ்கேன் எடுத்துவிட்டேன். அசலை அடுத்த வாரம் நேரில் கொண்டுவந்து தருகிறேன். அப்பாவும் உங்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். டாக்டர் சரி என்றால் கூட்டிவருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் தம்பி