நன்மாறனைப் பற்றிப் பத்து நிமிஷம்

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஒரு மாசம் கண்ணைக் கசக்காதே, பேப்பரை மூக்கில் ஒட்டிக்கொண்டு படிக்காதே. சொன்னால் கேட்க மாட்டாய், ஆனாலும் சொல்லி வைக்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். இவளுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது. பேத்தி இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள், என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பகுதி வாசகர் வட்டத்தில் இந்த அக்டோபர் 28 அன்று நம் பழைய எம்.எல்.ஏ. நன்மாறனுக்கு ஒரு நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். 2021இல் அவர் போனது அந்தத் தேதியில்தான். என்னையும் பத்து நிமிஷம் பேசச் சொல்லிவிட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'எளிமையின் இலக்கணம்'. நான்கு நாளாக உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். நேற்று ராத்திரி படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். ஏன் கிழித்தேன் என்று உன்னிடம் சொன்னால்தான் எனக்கே தெளிவாகும் போலிருக்கிறது.

ஜான்சிராணி பூங்கா பக்கம் நாம் இருவரும் நின்று அவர் பேச்சைக் கேட்ட ராத்திரி நினைவிருக்கிறதா? நீ சிரித்த சிரிப்பில் டீ என் சட்டையில் கொட்டியது. மனிதர் முகத்தில் ஒரு சலனம் இருக்காது. ஏதோ பலசரக்குக் கணக்கு வாசிப்பது போல வாசித்துக்கொண்டே போவார், கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். மேடைக் கலைவாணர் என்று சும்மாவா சொன்னார்கள். திட்ட வேண்டியவரைக்கூடத் திட்டாமல், அவரே வந்து கேட்டாலும் சிரித்துவிடுகிற மாதிரிப் பேசுவார். இன்றைக்கு டிவியைப் போட்டால் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வரும்.

நான் எழுதிய இரண்டு பக்கத்தில் இதெல்லாம் இல்லை. அதில் இருந்தது என்ன தெரியுமா? ஆட்டோவிலும் பஸ்ஸிலும் போய்வந்தார், வாடகை வீட்டில் இருந்தார், கடைசிக் காலத்தில் இலவச வீடு கேட்டுக் கலெக்டரிடம் மனுக் கொடுத்தார், அரசு ராஜாஜி மருத்துவமனையில் இறந்தார். எல்லாம் உண்மை. எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததும்கூட. அந்த மனு விஷயம் வெளியே வந்தபோது ஆளாளுக்கு அதைப் பகிர்ந்து 'ஐயோ பாவம், இப்படியும் ஒரு எம்.எல்.ஏ.' என்று உச்சுக்கொட்டினார்கள். நானும் கொட்டினேன். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. வீடில்லாத ஒரு குடிமகன், வீடில்லாதவர்களுக்கு அரசு கொடுக்கிற வீட்டைக் கேட்டு வரிசையில் போய் நின்றார். அதில் பாவப்பட என்ன இருக்கிறது? இரண்டு தடவை எம்.எல்.ஏ.வாக இருந்தவர் சிபாரிசு பிடிக்காமல் மனு எழுதினார் என்பது நமக்கு அதிசயமாகப் படுகிறது என்றால், மிச்சப் பேரைப் பற்றி நாம் என்ன நினைத்து வைத்திருக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

எனக்கு உறுத்துவது இதுதான். எளிமை எளிமை என்று சொல்லிச் சொல்லி, அந்த ஆட்கள் செய்த வேலையை நாம் மறந்துவிடுகிறோம். கக்கனை எடுத்துக்கொள். மேயராக இருந்த மதுரை முத்துவைப் பார்க்க மருத்துவமனைக்குப் போன எம்.ஜி.ஆர்., அங்கே பொது வார்டில் கக்கன் கிடப்பதைத் தற்செயலாகப் பார்த்த கதை நம் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் 1959இல் வைகை அணை திறந்தபோது பொதுப்பணித் துறைக்கு அமைச்சராக இருந்தவர் யார் என்று தெருவில் நாலு பேரிடம் கேட்டுப் பார். அணை 71 அடி நிரம்பியதா என்று வருஷா வருஷம் பேப்பரைப் பார்க்கிறோம், அவர் பெயர் மட்டும் வாயில் வராது. அவருடைய கட்டில்தான் நமக்கு நினைவிருக்கிறது.

இன்னொரு விஷயம் தோண்டத் தோண்ட வந்தது. நன்மாறன் 2001இலும் 2006இலும் ஜெயித்தது மதுரை கிழக்கில். அதே கிழக்கில் 1967இல் ஜெயித்தவர் கே.பி. ஜானகியம்மாள். 1977, 1980 இரண்டு தேர்தலிலும் சங்கரய்யா. மூன்று பேரும் ஒரே கட்சி, மார்க்சிஸ்ட். ஒரு தொகுதி முப்பது நாற்பது வருஷத்துக்குள் இப்படி மூன்று பேரை அனுப்பியிருக்கிறது. தொகுதி மறுசீரமைப்பில் 2011 முதல் அந்தப் பெயர் வேறு பகுதிக்குப் போய்விட்டது, நகரத்துத் தெருக்கள் பக்கத்துத் தொகுதிகளுக்குப் பிரிந்துபோயின. பெயர்ப் பலகை மட்டும் மிச்சம்.

நான் கட்சிக்காரன் இல்லை, உனக்குத் தெரியும். அவர்களோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. கூட்டணி விஷயத்தில் நாம் இரண்டு பேரும் ஒரு வாரம் பேசாமல் இருந்தது மறந்துவிட்டதா? 2001இல் ஒரு பக்கம், 2006இல் எதிர்ப்பக்கம் என்று அவர்கள் நின்றதை நீ குத்திக் காட்டினாய், நான் பதில் தெரியாமல் கோபப்பட்டேன். இப்போதும் பதில் தெரியாது.

ஜானகியம்மாளைப் பற்றி எங்கள் அப்பத்தா சொல்லுவாள். அப்பத்தாவுக்கு அரசியல் ஒன்றும் தெரியாது, நாடகம் மட்டும் தெரியும். 'அந்தப் பொம்பள மேடையில நின்னா வேற யாரையும் பார்க்க முடியாது' என்பாள். பெயரும் பணமும் நகையுமாக இருந்த நாடக நடிகை. சாதியைக் காட்டி நாடக நடிகர் விஸ்வநாததாஸோடு சேர்ந்து நடிக்க மற்ற நடிகைகள் மறுத்த காலத்தில், அவரோடு மேடையேறியவர் ஜானகி. ஒன்றை யோசித்துப் பார். சட்டசபைக்குப் போவதற்குப் பல வருஷம் முன்னாலேயே, எந்தச் சட்டமும் சொல்லாமல், பிழைப்புக்கே ஆபத்து என்று தெரிந்தும் செய்த காரியம் அது. பிறகு விடுதலைப் போராட்டம், சிறை, நகைகளை விற்று இயக்கத்துக்குக் கொடுத்தது எல்லாம். 1992 மார்ச் 1இல் காலமானார். எனக்கென்னவோ நகையை விற்றதைவிட அந்த மேடையேறியதுதான் பெரிதாகப் படுகிறது. நகை போனால் திரும்ப வாங்கலாம், அந்தக் காலத்தில் ஒரு நடிகைக்கு ஊர் மதிப்புப் போனால் அடுத்த நாடகமே கிடையாது.

சங்கரய்யா கதை நீ எனக்குச் சொன்னதுதான். அமெரிக்கன் கல்லூரியில் கடைசி வருஷம், பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது 1941இல் கைது. பட்டம் வாங்கவே இல்லை. 2021இல் 'தகைசால் தமிழர்' விருதோடு வந்த 10 லட்சத்தை அப்படியே கொரோனா நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார். பார்த்தாயா, நானும் அதே பாட்டுக்கு வந்துவிட்டேன்! கொடுத்தார், விட்டார், துறந்தார். பழக்கம் அப்படி ஊறிப்போயிருக்கிறது. அவர் 1967இல் மதுரை மேற்கிலிருந்தும், அப்புறம் கிழக்கிலிருந்து இரண்டு தடவையும் சட்டசபைக்குப் போய் என்ன பேசினார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. விருதுப் பணத்தை எங்கே கொடுத்தார் என்று மட்டும் மனப்பாடம்.

எம்.எல்.ஏ. வேலை என்பதே வெளியே தெரியாத வேலைதானே. காலையில் வாசலில் பத்துப் பேர். ஒருத்தருக்கு முதியோர் பென்ஷன் நின்றுபோயிருக்கும், ஒருத்தருக்கு ரேஷன் கார்டில் பெயர் மாறியிருக்கும், ஒரு தெருவுக்கே தண்ணீர் வந்திருக்காது. அவர்களை முடித்து அனுப்பிவிட்டுச் சென்னைக்குப் போனால் கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கை விவாதம். 234 பேரில் ஒரு சின்னக் கட்சி உறுப்பினருக்குக் கிடைப்பது சில நிமிஷம். அந்தச் சில நிமிஷத்துக்குள் ஒரு சாக்கடையையோ ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தையோ அமைச்சர் காதில் போட வேண்டும். ஒரு தடவை போட்டால் நடக்காது, அடுத்த கூட்டத்தொடரிலும் போட வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும், கணக்குத் தெரிய வேண்டும், எந்த அதிகாரியிடம் எந்தக் கோப்பு நிற்கிறது என்று தெரிய வேண்டும். கட்சி வழக்கப்படி சம்பளத்தைக் கட்சியிடம் கொடுத்துவிட்டு அது தருகிற படியில் குடும்பத்தையும் ஓட்ட வேண்டும். எளிமையாக இருப்பது மட்டும் போதுமென்றால் அந்த நாற்காலியில் ஒரு சாமியாரை உட்காரவைத்துவிடலாமே.

கடைசியில் என்ன ஆகிறது? முன்னாள் உறுப்பினர் ஒருவர் இறந்தால் அடுத்த கூட்டத்தொடரில் இரங்கல் குறிப்பு வாசிப்பார்கள். பல நேரம் நான்கைந்து பெயர் சேர்ந்தே வரும். பெயர், தொகுதி, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை. எல்லோரும் எழுந்து இரண்டு நிமிஷம் நிற்பார்கள். பிறகு அவை அடுத்த வேலைக்குப் போய்விடும். அதைக் குறை சொல்லவில்லை, சபை என்றால் அப்படித்தான். குறிப்பில் விட்டுப்போனதை நிரப்ப வேண்டியது ஓட்டுப் போட்ட நாம்.

இடையில் ஒரு பைத்தியக்கார யோசனை. நன்மாறன் என்பது பாண்டிய ராஜாவின் பெயரல்லவா? இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன். பரிசில் கொடுக்காமல் இழுத்தடித்த அந்த ராஜாவைப் பார்த்து ஆவூர் மூலங்கிழார் புறநானூற்றில் ஒரு பிடி பிடிப்பார். முடிவதை முடியும் என்று சொல், முடியாததை இல்லையென்று சொல், முடியாததை முடியும் என்று சொல்லி அலைய வைக்காதே என்கிற மாதிரி. மனுவோடு வாசலில் நிற்கிறவனின் குரல் ரெண்டாயிரம் வருஷமாக மாறவே இல்லை பார். இந்தப் பெயர் வைத்த நம்ம ஆள் மனு வாங்கும் பக்கத்திலும் இருந்தார், கடைசியில் மனுக் கொடுக்கும் பக்கத்திலும் போய் நின்றார். இதை மேடையில் சொல்லலாமா, அதிகப்பிரசங்கித்தனமா? நீ சொல்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. சென்னையில் இருந்துகொண்டு கன்னிமாரா நூலகம் பக்கமே போகாமல் இருக்கிறாய் என்று உன் மகன் போனில் புகார் சொன்னான். கண் சரியானதும், அவசரமில்லை, சரியானதும், அங்கேயோ எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ சட்டப்பேரவை நடவடிக்கைக் குறிப்புகளைக் கேட்டுப் பார். 2001 முதல் 2011 வரை. நன்மாறன் பெயர் வருகிற பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார், அதே கேள்வியை மறுபடி எப்போது கேட்டார். அவர் சபையில் ஜோக் அடித்திருந்தால் அதுவும் வேண்டும், '(சிரிப்பு)' என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். பெருவிரல் பாதிப் பக்கத்தை மறைக்காமல் எடு, போன தடவை அனுப்பிய கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரமே தெரியவில்லை.

28ஆம் தேதிக்குள் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. அன்றைக்கு நான் ஜான்சிராணி பூங்கா ராத்திரியையும் உன் டீயையும் சொல்லிவிட்டு, தலைப்பை மாற்றிவிட்டேன் என்று சொல்லி இறங்கிவிடுகிறேன். மிச்சத்தை அடுத்த வருஷம் பேசிக்கொள்ளலாம், அவர்கள் மறுபடி கூப்பிட்டால்.

தீபாவளிக்கு வருவதாக இருந்தால் பாண்டியன் ரயிலில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட் என்று புலம்பாதே. கண் சொட்டு மருந்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா.

உன் பங்காளி