சினிமாப் பாட்டு வேண்டாம், வள்ளி

தேவகோட்டை

அன்பு மகள் வள்ளிக்கு அப்பச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

தை மாதம் வரும்போது நம் வீட்டில் பியானோ வாசிப்பதாக நீ சொன்னதிலிருந்து உன் ஆத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஊர்க்காரர்களுக்காக நாலு சினிமாப் பாட்டு சேர்ப்பேன் என்றாயே, அது வேண்டாம். போன மாதம் அங்கே வாசித்த ஷூமான், ஷோப்பான், ஷோன்பர்க், டெபுஸி என்ற மேற்கத்திய இசையமைப்பாளர்களின் துண்டுகளையே இங்கும் வாசி.

நம் ஆட்கள் பொறுமையாக உட்கார மாட்டார்கள் என்று பயப்படாதே. ராகம் தானம் பல்லவியும் தனியாவர்த்தனமும் கேட்டுப் பழகியவர்களுக்கு 16 பாரில் (பார் என்றால் நம் ஆவர்த்தனம் மாதிரி) முடிகிற ஷோப்பானின் ஏ மேஜர் பிரிலூட் என்ற குட்டித் துண்டு ஒரு பாடா? முழுக்கத் துக்கடாவே வாசிக்கிற கச்சேரி என்று சொல்லிவைத்திருக்கிறேன். புரிந்துகொண்டார்கள்.

ஷோன்பர்க்கை மட்டும் விட்டுவிடாதே. வீடியோவில் முதல் தடவை கேட்டபோது எனக்குச் சுருதியே பிடிபடவில்லை. நீ வாசித்த ஆறு குட்டித் துண்டுகளில் ஐந்தை 1911 பிப்ரவரி 19 அன்று ஒரே நாளில் எழுதியவர், இசையமைப்பாளர் மாலர் இறந்தபின் ஜூனில்தான் ஆறாவதை எழுதினார் என்று அப்புறம் படித்தேன். அந்த ஆறாவது மொத்தம் ஒன்பதே பார், மெதுவாக மாறி மாறி வரும் இரண்டு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்). மாலரின் அடக்கத்துக்குப் போய்வந்த மனுஷன் வேறு எப்படி எழுதுவார்! நீயோ அது அடங்குமுன்பே டெபுஸிக்குத் தாவிவிட்டாய். கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் இரு. நடுவில் யாராவது கை தட்டினால் தட்டட்டும்.

டெபுஸி பிரிலூட்களுக்குப் பெயரை ஒவ்வொன்றின் கடைசியில்தானே போட்டிருக்கிறார்? நீயும் முன்கூட்டிச் சொல்லாதே. மேலவீட்டு ஆச்சி எப்படியும் தானே ஒரு பெயர் வைத்துவிடுவார்.

ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பியானோவை ட்யூனர் திறந்து பார்த்தார். சுத்தியல்களின் கம்பளியைப் பூச்சி அரித்து, நடுக்கட்டைகளில் மரமே தெரிகிறது. அதை மாற்றிவிடலாமாம். கம்பிகள் பழசு, முழுச் சுருதிக்கு இழுத்தால் அறுந்துவிடும், அரை ஸ்வரம் இறக்கித்தான் வைக்க முடியும் என்கிறார். உனக்குச் சம்மதமா? வளவில் போட்டால் சத்தம் வானத்தோடு போய்விடும், அதனால் முகப்பில் போடுகிறேன். ஆத்தங்குடிக் கல்லும் பெல்ஜியம் கண்ணாடியும் எதிரொலிக்கும், பெடலைக் குறைத்துக்கொள்.

டிக்கெட் போடும்போது தைப்பூசத்தை ஒட்டித் தேதி வைத்துவிடாதே. பாதிப் பேர் பழனிக்குக் காவடியோடு நடந்துகொண்டிருப்பார்கள். திரும்பி வந்து, கால்வலிக்குத் தைலம் தேய்த்து முடிக்கட்டும், அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பச்சி