கிணற்றடியில் ஒரு விஞ்ஞானப் பாடம்

ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணத் தீவகப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆய்வுகூட வசதி போதாது என்று தங்கள் பத்திரிகையில் வந்த செய்தி சரிதான். நெடுந்தீவில் ஒன்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். எங்கள் ஆய்வுகூடம் என்பது ஒரு அலுமாரி, கழுத்துடைந்த இரண்டு குடுவைகள், முள் இறுகிப்போன ஒரு தராசு.

அதனால் தரம் 8 பிள்ளைகளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். பதினொரு கிணறுகள். ஒவ்வொன்றிலும் ஒரே யோகட் கப்பால் அளந்து எடுத்த தண்ணீரைச் சில்வர் தட்டுகளில் ஊற்றி வெயிலில் வைத்தோம். முதல் நாள் காகம் கவிழ்த்துவிட்டது. அப்புறம் பழைய வலைத்துண்டால் மூடினோம். தண்ணீர் வற்றியதும் தட்டுகளில் வெள்ளை வளையம். நல்ல தண்ணீர் ஊறும் சாராப்பிட்டிக் கிணற்றுத் தட்டில் மங்கலான கோடுதான். கரையோரக் கிணற்றுத் தட்டில் நகத்தால் சுரண்டி எடுக்கலாம்.

"டீச்சர், எங்கட கிணறு முந்தி நல்ல தண்ணி. மோட்டர் போட்ட பிறகுதான் சவராப் போச்சு" என்றான் ஒருவன். அன்றைய பாடம் அவனுடையதுதான். முருகைக்கல்லுக்குள் இறங்கும் மழைநீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே கொஞ்சம் இறைத்துக் குறைத்தாலும் கீழிருந்து உப்பு பல மடங்கு ஏறிவரும். அடர்த்திப் பாடத்தில் ஒரு கனமீற்றர் நன்னீர் 1000 கிலோ, கடல்நீர் 1025 கிலோ என்று பாடமாக்கிய இரண்டு எண்களும் தங்கள் வீட்டுக் கிணற்றுக்குள்தான் கிடக்கின்றன என்று பிள்ளைகளுக்கு அன்றுதான் விளங்கியது.

விஞ்ஞானக் கண்காட்சிக்கு அந்தத் தட்டுகளைக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை படகிலும் பிறகு பஸ்ஸிலும் மடியில் வைத்துக் கொண்டுபோனோம். "மாதிரியுரு எங்கே?" என்று கேட்டார்கள் நடுவர்கள். பரிசு ஒரு ரெஜிபோம் (வெள்ளை நுரை அட்டை) எரிமலைக்குப் போனது. எரிமலையே இல்லாத ஊரில், காசு கொடுத்துச் செய்வித்த எரிமலை!

ஸ்மார்ட் போர்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வரட்டும். ஆனால் கிணற்றடிக்குப் போய்வரவே ஒரு பாடவேளை முடிந்துவிடுகிறது. வாரத்தில் ஒரு நாளாவது விஞ்ஞானத்துக்கு இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக் கொடுங்கள். தண்ணீரின் உப்பளவைக் காட்டும் பேனா அளவேயான மானி ஒன்றைப் பாடசாலைக்குத் தாருங்கள். செயற்திட்டத்துக்குப் புள்ளி போடுகிறவர்கள் ஒருமுறை படகேறி வந்து, பிள்ளைகள் வேலை செய்வதைப் பார்த்துவிட்டுப் போடட்டும்.

பதினொரு கிணறுகளின் கணக்குக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. கேட்கும் ஆசிரியருக்குத் தருவேன். அதில் கோடைக் கணக்கு மட்டும்தான் உண்டு. மாரிக் கணக்கை இப்போது படிக்கும் பிள்ளைகள்தான் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
நெடுந்தீவு.