தழும்பைவிட முக்கியமானது பயாப்ஸி அறிக்கை

ஆசிரியருக்கு,

வணக்கம். மலக்குடல் புற்றுநோய்க்கான லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் செலுத்திச் செய்யும் அறுவை) பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை படித்தேன். தழும்பு சிறிது, வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம் என்கிறது அது. எல்லாம் உண்மை. ஆனால் நோய் அதே இடத்தில் திரும்புமா என்பது துளையின் அளவைப் பொறுத்ததல்ல.

மலக்குடலைச் சுற்றி நிணநீர் முடிச்சுகள் கொண்ட கொழுப்பு உறை உண்டு. அதன் மேல் மெல்லிய சவ்வு. அது கிழியாமல் குடலோடு சேர்த்து முழுதாக எடுக்க வேண்டும் என்று 1982-இல் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் பில் ஹீல்ட் எழுதினார். வயிற்றைத் திறந்தாலும், துளை போட்டாலும், ரோபோ வந்தாலும் விதி அதுதான். சிறுநீர், பாலுறவு நரம்புகளும் அந்தச் சவ்வை ஒட்டியே ஓடுகின்றன. இடுப்புக்குழியின் ஆழத்தில் இவற்றைக் கேமரா பெரிதாக்கிக் காட்டும். அது பெரிய வசதி.

குறுகிய இடுப்பும் பருத்த உடலும் உள்ள ஆண்களுக்கு, ஆசனவாய்க்கு அருகே கட்டி இருந்தால்தான் பெரும் சிரமம். குடலை வெட்டி மூடும் ஸ்டேப்ளர் கருவியைக் குறுக்காகத் திருப்ப இடம் போதாது. ஒரே தடவையில் வெட்ட வேண்டிய குடலை மூன்று தடவையில் வெட்ட நேர்ந்தால், குடலின் இரு முனைகளையும் சேர்க்கும் இணைப்பில் கசிவு அபாயம் கூடும். அத்தகைய தாழ்ந்த இணைப்புகளுக்குச் சில மாதங்கள் மலம் வெளியேற வயிற்றில் பை வைப்பது, கசிந்தாலும் பாதிப்பு குறையட்டும் என்றுதான். கசிவு பெரும்பாலும் முதல் வாரத்தில், சில சமயம் வீடு திரும்பிய பிறகே தெரியவரும். காய்ச்சல், நாடித்துடிப்பு வேகம், கூடும் வயிற்றுவலி இருந்தால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். சீக்கிர டிஸ்சார்ஜைப் பாராட்டிய கட்டுரை இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

லேப்ராஸ்கோப்பியையும் வயிற்றைத் திறந்து செய்யும் முறையையும் ஒப்பிட்டு 2015-இல் வெளியான கலர்-2 ஆய்வில், மூன்று ஆண்டுகளில் நோய் அதே பகுதியில் திரும்பியது இரு முறையிலும் 5 சதவீதமே. அதே ஆண்டு அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த இரு ஆய்வுகளோ, வெட்டி எடுத்த பகுதியின் தரத்தில் லேப்ராஸ்கோப்பி திறந்த முறைக்குக் குறைந்ததல்ல என்று நிரூபிக்க முடியாமல் போயின. செய்யும் கையின் பயிற்சிக்கு இதில் பெரிய பங்குண்டு. துளையில் தொடங்கிப் பாதியில் வயிற்றைத் திறந்தால் உறவினர்கள் பதறுகிறார்கள். சவ்வு கிழியும் நிலை வந்தால் திறப்பதே சரி.

அறுவைக்கு முன் இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ. எடுத்தாகிவிட்டதா, கதிர்வீச்சு முதலில் தேவையா என்று கேளுங்கள். அறுவைக்குப் பிறகு, வெட்டி எடுத்த பகுதியைப் பரிசோதித்துத் தரும் பயாப்ஸி அறிக்கையில் கொழுப்பு உறை முழுமையாக உள்ளதா, சுற்று விளிம்பு (அந்தப் பகுதியின் வெளி ஓரம்) 1 மி.மீ.க்கு மேல் நோயின்றி இருக்கிறதா, குறைந்தது 12 நிணநீர் முடிச்சுகள் பரிசோதிக்கப்பட்டனவா என்று பாருங்கள். கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு முடிச்சு எண்ணிக்கை குறையலாம். அடுத்த இதழில் இந்த அறிக்கையைப் படிக்கும் விதத்தை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடுங்கள்.

அன்புடன்,
குடல் அறுவை சிகிச்சை மருத்துவர், மதுரை