63 பைசா

கண்ணம்மா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் "இந்த ஏஐ நம்ம கையை மீறிப் போயிடும்மா, எதுக்குப் படிச்சோம்னு இருக்கு" என்று சொன்னதும், பின்னாலிருந்து மாப்பிள்ளை "அதெல்லாம் இல்ல அத்தை, புற்றுநோய்க்கே வழி பிறக்கும்" என்றதும் இன்னும் காதில் நிற்கிறது. போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

நீ ஸ்கேன் பார்த்து நோயைச் சொல்லும் ரேடியாலஜி படிப்பில் சேர்ந்த சமயத்தில்தான், ஏஐ ஆராய்ச்சியின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹிண்டன் அந்தப் படிப்பையே நிறுத்திவிடலாம், ஐந்து வருஷத்தில், மிஞ்சினால் பத்தில், கணினியே ஸ்கேனை நன்றாகப் பார்த்துவிடும் என்று சொன்னார். அது 2016. இன்று உனக்குச் சாப்பிட நேரமில்லாத அளவுக்கு ஸ்கேன் குவிகிறது. அதே மனிதர்தான் 2023-ல் கூகுளை விட்டு வந்து ஏஐ ஆபத்து என்கிறார். அவரோடு கணினித் துறையின் பெரிய விருதான டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்ட யான் லெகுன் இந்தப் பயம் மிகை என்கிறார். பெரியவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை, அதனால் உன் பயத்தை நான் தள்ளமாட்டேன். மாப்பிள்ளை சொல்வதும் வெறும் ஆசை இல்லை, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏஐக்காகத்தானே 2024 வேதியியல் நோபலில் பாதியைக் கொடுத்தார்கள்.

நான் 1981-ல் வங்கியில் சேர்ந்தபோது, பம்பாய் மாட்டுங்காவில் ரயில் ஏறி வி.டி. ஸ்டேஷனில் இறங்கி ஃபோர்ட்டுக்கு நடந்துபோய், நாள் முழுக்க லெட்ஜர், அதாவது கணக்குப் பேரேடு, எழுதுவேன். பேலன்ஸ் பார்க்கும் நாளில் கணக்கு 63 பைசா உதைத்தால் எல்லோரும் முழிப்பார்கள். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் யாரோ இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்க வாய்ப்பு உண்டு, 81-ஐ 18 என்று. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடுவேன். அதைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் இருக்கிறதே! கம்ப்யூட்டர் வந்ததும் அந்தத் திறமைக்கு வேலையில்லாமல் போனது.

வருவதற்கு முன்னால் நாங்கள் கொடி பிடித்தோம். சும்மா பயப்படவில்லை. எங்கே, எத்தனை மெஷின் என்று 1983-ல் சங்கங்களும் வங்கிகளும் ஒப்பந்தமே போட்டன. எங்கள் கிளையில் யாரையும் வெளியே அனுப்பவில்லை. ஆனால் ஓய்வு பெற்றவர் இடத்துக்குப் புதிதாக ஆள் வரவில்லை, பரீட்சை எழுதிக் காத்திருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த நாற்காலி கிடைக்கவேயில்லை. அது எனக்கு இன்றும் உறுத்தும். நாங்கள் எங்களுக்காக மட்டும் எழுதி வாங்கிவிட்டோம்.

இந்த ஏஐ லெட்ஜர் மெஷின் மாதிரி இல்லை என்பாய். தெரியும். அது கூட்டிக் கழித்தது, அவ்வளவுதான். இது எப்படி ஒரு பதிலுக்கு வருகிறது என்று செய்தவர்களுக்கே முழுதாகப் புரியவில்லை. அப்படியென்றால் இன்னும் அதிகமாகக் கேட்க வேண்டும், இல்லையா?

உங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்க்கும் மென்பொருள் வாங்குவது பற்றி வியாழக்கிழமை கூட்டம், போய் என்ன ஆகப்போகிறது என்று நீ சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. போ கண்ணம்மா. அது ஒன்றுமில்லை என்று சொல்லி நீ கட்டி இருக்கிறது என்றால் யார் பேச்சு நிற்கும், தவறினால் யார் கையெழுத்து, அடுத்த வருஷம் பயிற்சிக்கு எத்தனை பேரை எடுப்பார்கள், இதையெல்லாம் கேள். வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்கு. முக்கியமாக அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதே.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வை. என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒன்றுவிடாமல் தெரியவேண்டும்.

அம்மா